சரளி முடிந்ததா, வந்ததா? இசை வகுப்பு பற்றி வாசகர் கேள்வி-பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இசைப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பலவும் ஒரே சந்தேகத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன. பிள்ளை பாட்டு வகுப்புக்குப் போகிறது, ஆனால் இதுவரை என்ன வந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? அவற்றில் எட்டுக் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் பள்ளியில் தனி இசை ஆசிரியர் கிடையாது. எனக்குப் பாட வரும் என்பதால் ஆறாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் கொடுத்திருக்கிறார்கள். 45 பிள்ளைகள், 40 நிமிடம். பாடக்குறிப்பில் ‘மாணவர்கள் இசையை ரசிக்கக் கற்றுக்கொள்வர்’ என்று எழுதுகிறேன். அது நடந்ததா என்று எனக்கே தெரிவதில்லை. குறிக்கோளை எப்படி எழுதுவது?
— ஓர் ஆசிரியை, பாலக்கோடு

முதலில் நீங்கள் எழுதிய வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பாருங்கள் டீச்சர். ‘ரசிப்பர்’, ‘உணர்வர்’, ‘அறிவர்’ என்று முடிந்தால் அடித்துவிடுங்கள். அது பிள்ளையின் மனதுக்குள் நடப்பது, உங்கள் காதுக்கு எட்டாது. ‘பாடுவர்’, ‘தட்டுவர்’, ‘நிறுத்துவர்’, ‘கண்டுபிடித்துச் சொல்வர்’ என்று முடிந்தால், நடந்ததா இல்லையா என்று வகுப்பில் நின்றபடியே சொல்லிவிடலாம். வினைச்சொல் சரியான பிறகு மூன்று விவரங்களைச் சேருங்கள்: எதை, எந்த வேகத்தில், யார் உதவியோடு அல்லது உதவி இல்லாமல்.

உதாரணமாக, ‘தாளம் பற்றி அறிவர்’ என்பதை இப்படி மாற்றலாம்: ‘ஆதி தாளத்தை, மெட்ரோனோம் 60-ல், ஆசிரியர் கையைப் பார்க்காமல், நான்கு ஆவர்த்தனம் விடாமல் போடுவர்.’ மெட்ரோனோம் என்பது சீரான வேகத்தில் தட்டிக் காட்டும் கருவி, 60 என்றால் நிமிடத்துக்கு 60 தட்டு. ஆதி தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு (ஆவர்த்தனம்) 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை. 60 வேகத்தில் ஓர் ஆவர்த்தனம் 8 விநாடி, நான்கு ஆவர்த்தனம் 32 விநாடி. 45 பேரை ஒன்பது ஒன்பதாகப் பிரித்தால் ஐந்து குழு. ஐந்து குழுவையும் பார்த்து முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகாது. 45 பேரை எப்படிச் சோதிப்பது என்று மலைப்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். குறிக்கோள் சிறியதாக இருந்தால் சோதனையும் சிறியதாகிவிடும்.

இந்த ஒரு தாளத்துக்கே ஆறு வாரம் ஒதுக்குங்கள், வீண் இல்லை. முதல் வாரம் வெறும் கைதட்டல்: நீங்கள் நான்கு எண்ணிவிட்டு வாயை மூடிக்கொள்ள, பிள்ளைகள் அதே வேகத்தில் எட்டுத் தட்ட வேண்டும். இரண்டாம் வாரம் லகு மட்டும், அதாவது தாளத்தின் முதல் நான்கு எண்ணிக்கை. இங்கேதான் வழக்கமான தப்பு நடக்கும். தட்டு ஒன்று, சுண்டுவிரல் இரண்டு, மோதிரவிரல் மூன்று, நடுவிரல் நான்கு என்பதுதான் கணக்கு. பிள்ளைகள் தட்டிவிட்டு நான்கு விரலையும் எண்ணிவிடுவார்கள், லகு ஐந்தாகி தாளமே ஒன்பதாகிவிடும். ‘தட்டும் ஒரு எண்ணிக்கைதான்’ என்று வாயால் சொல்லிக்கொண்டே போடச் சொன்னால் சரியாகும். மூன்றாம் வாரம் இரண்டு திருதமும் (ஒரு தட்டு, ஒரு வீச்சு) சேரும். வீச்சில் கையைத் திருப்பும்போது அவசரப்படுவார்கள், அடுத்த தட்டு முந்தி விழும். வீச்சுக்கும் தட்டுக்கு உள்ள அதே நேரம் உண்டு என்பதைக் காதால் கேட்க வேண்டும், அதற்காகவே மெட்ரோனோம்.

நான்காம் வாரம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த நான்கு வரிப் பாட்டு ஒன்றை எடுத்து, முதல் சொல் எந்தத் தட்டில் விழுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வாரம் பாடிக்கொண்டே தாளம். ஆறாம் வாரம் பாதி வகுப்பு பாட, பாதி வகுப்பு தாளம் போட, சைகை காட்டியதும் மாற வேண்டும். மாறும்போது பாட்டு அறுபடக் கூடாது, அதுதான் அன்றைய குறிக்கோள்.

40 நிமிடத்தை இப்படிப் பங்கிடலாம்: சுருதி சேர்த்து அன்றைய இலக்கைச் சொல்ல 3, போன வாரத்துக்கு 5, புதியதற்கு 15, குழுவாகப் பிரிந்து பழக 10, சோதிக்க 5, மீதி 2 நிமிடம் அவர்களுக்குப் பிடித்த பாட்டுக்கு. சோதனையைக் கடைசி மணியோடு ஒட்டி வைக்காதீர்கள், பை தூக்கும் அவசரத்தில் யாரும் தாளம் போட மாட்டார்கள்.

குறிக்கோளைப் பாடக்குறிப்பில் எழுதிவிட்டால் மட்டும் போதாது. கரும்பலகையில் பிள்ளைகள் பேசுகிற தமிழில் எழுதுங்கள்: ‘இன்னிக்கு டீச்சர் கையைப் பாக்காம நாலு சுத்து தாளம் போடணும்.’ பாதி வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருவனிடம் ‘இன்னிக்கு எதுக்குடா பழகறோம்?’ என்று கேளுங்கள். ‘பாட்டு கிளாஸ் டீச்சர்’ என்றால் குறிக்கோள் இன்னும் உங்கள் நோட்டில்தான் இருக்கிறது.

இன்னொன்று: தாளத்தைப் பார்க்கிற வாரத்தில் சுருதி விலகினால் கண்டுகொள்ளாதீர்கள். நல்ல காது உள்ளவர்களுக்கு இது கஷ்டம்தான். ஆனாலும் ஒரே மூச்சில் இரண்டையும் திருத்தினால் பிள்ளைக்கு எது தப்பு என்றே புரியாது.

ரசனையை விட்டுவிட வேண்டியதில்லை. ‘நாதசுரம், புல்லாங்குழல், வயலின் ஆகிய மூன்றில் அரை நிமிடத் துணுக்குகள் கேட்டு, எது எந்தக் கருவி, எது வேகமானது என்று காரணத்தோடு சொல்வர்’ என்று எழுதினால் ரசனையும் காதுக்கு எட்டும் இலக்காகிவிடும்.

என் மகளுக்கு எட்டு வயது. கர்நாடக சங்கீதம் சேர்த்து ஒரு வருடம் ஆகிறது, இன்னும் சரளி வரிசையிலேயே நிற்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் வேறு வகுப்பில் ஆறே மாதத்தில் கீதத்துக்குப் போய்விட்டாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆசிரியர் இழுத்தடிக்கிறாரா, இவள்தான் பின்தங்கிவிட்டாளா, எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு தாய், ஓசூர்

மாதக் கணக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது அம்மா. சரளி என்பது ஸ்வரங்களை ஏற்றி இறக்கிப் பாடும் முதல் பயிற்சி, கீதம் என்பது வரிசைகளுக்குப் பின் வரும் எளிய பாட்டு. ‘சரளி முடிந்தது’ என்றால் புத்தகத்தில் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். ‘சரளி வந்தது’ என்பது வேறு. வந்ததா என்று சங்கீதம் தெரியாத நீங்களே வீட்டில் சோதிக்கலாம், மூன்று வழி சொல்கிறோம்.

முதல் சோதனைக்கு ஒரு கடிகாரம் போதும். முதல் சரளி ஸ-விலிருந்து மேல் ஸ வரை ஏறி இறங்குவது, மொத்தம் 16 ஸ்வரம். மெட்ரோனோமை 60-ல் வைத்தால் முதல் காலம் (முதல் வேகம்) 16 விநாடி, இரண்டாம் காலம் 8, மூன்றாம் காலம் 4. மூன்று காலத்தையும் நிறுத்தாமல் பாடச் சொல்லி, தாளம் போடும் கையை மட்டும் பாருங்கள். இரண்டாம் காலம் வந்ததும் கையும் சேர்ந்து வேகமானால் காலம் இன்னும் பிடிபடவில்லை. கை அப்படியே இருக்க வேண்டும், ஸ்வரம் மட்டும்தான் இரட்டிக்க வேண்டும். மூன்றாம் காலத்தில் நாக்கு தடுமாறினால் மெட்ரோனோமை 48-க்கு இறக்குங்கள். மூன்றாம் காலத்தையே விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது சுருதி. தம்பூரா ஆப்பை அவளது கட்டையில் (அவள் பாடும் சுருதி அளவில்) ஓடவிட்டுப் பாடச் சொல்லுங்கள். மேல் ஸ தொட்டதும் தம்பூராவை நிறுத்துங்கள். அவள் தனியாக இறங்கி கீழ் ஸ-வுக்கு வந்து நிற்கும்போது மறுபடி ஓடவிடுங்கள். இரண்டும் ஒட்டினால் ஒன்றோடொன்று கரையும். ஒட்டாவிட்டால் உங்கள் காதுக்கே உறுத்தும். பெரும்பாலும் இறங்கும்போது த-விலும் ரி-யிலும்தான் வழுக்கும். ஏனென்றால் ஆரம்பப் பாடம் 15-வது மேளமான (தாய் ராகமான) மாயாமாளவகௌளையில் நடக்கிறது. அதில் ரி ஸ-வை ஒட்டியும் த ப-வை ஒட்டியும் அரை ஸ்வர தூரத்தில் நிற்கும், பிள்ளைகள் அவற்றைக் கொஞ்சம் உயர்த்திப் பாடிவிடுவார்கள். இதே ராகத்தில் ஒரு வசதியும் உண்டு. ஸ-ரி-க-ம என்ற அடுக்கின் இடைவெளிகளும் ப-த-நி-ஸ என்ற அடுக்கின் இடைவெளிகளும் ஒன்றே. கீழ் பாதி சுத்தமாக வந்தால் அதே வடிவத்தை மேலே வைத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆரம்பப் பாடத்தை இப்படி ஒழுங்கு செய்தவர் புரந்தரதாசர் என்று சொல்வது மரபு. அந்தத் தேர்வு எவ்வளவு கெட்டித்தனமானது என்று இங்கே தெரிகிறது.

மூன்றாவது, வரிசையை நடுவிலிருந்து கேளுங்கள். பொதுவான பாடப் புத்தகங்களில் சரளி 14. ‘ஏழாவதைப் பாடு’ என்றால், முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துத்தான் ஏழாவதைப் பிடிக்கிறாளா? அப்படியானால் அது மனப்பாடம் மட்டுமே.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் அடுத்த பாடம் வராவிட்டால் ஆசிரியரிடம் தாராளமாகக் கேட்கலாம். ‘எப்ப சார் கீதம்?’ என்று கேட்காதீர்கள். ‘ஜண்டைக்குப் போக இவளுக்கு இன்னும் எது வரணும்?’ என்று கேளுங்கள். நல்ல ஆசிரியருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் தனி வேலை இருக்கிறது. சரளி ஸ்வரஸ்தானத்துக்கும் காலத்துக்கும். ஜண்டையில் ஸஸ, ரிரி என்று இரட்டை வரும்போது இரண்டாவது ஸ்வரத்தில் ஓர் அழுத்தம் விழ வேண்டும். அதை நீட்டிப் பாடினால் ஜண்டை நடக்கவே இல்லை. தாட்டு வரிசையில் ஸ்வரம் தாவித் தாவிப் போகும், தாவி விழுந்த இடம் சுத்தமா என்பதே கேள்வி. அலங்காரம் ஏழும் தாளத்துக்கு. ஜண்டையில் அழுத்தம் வராமலே கீதத்துக்குப் போன பிள்ளைக்கு, பின்னால் வர்ணம் என்ற பெரிய பாடத்தில் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) வராது. அப்போது திரும்பி ஜண்டைக்கு வந்து உட்கார எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இதே மூன்று சோதனையை வைத்துப் பார்க்கத் தோன்றும். வேண்டாம்.

வீட்டுப் பயிற்சி தினமும் 15 நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றரை மணி நேரம் உட்கார்வதைவிட நல்லது. அந்த 15 நிமிடத்துக்கும் ஓர் இலக்கு வையுங்கள்: ஒரே வரிசை, மூன்று காலமும், தொடர்ந்து மூன்று முறை தப்பில்லாமல். மூன்றாவது முறை தப்பினால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கீபோர்டு வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகள் கிரேடு தேர்வுக்கான மூன்று பாட்டை வருடம் முழுக்க வாசித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால் புதிதாக நான்கு பார் (இசைக்குறிப்பின் கட்டம்) எழுதிக் கொடுத்தால் விழிக்கிறார்கள். எங்கே தப்பு?
— ஓர் ஆசிரியர், கிருஷ்ணகிரி

தேர்வையே பாடத்திட்டமாக எடுத்துக்கொண்டதுதான் தப்பு. டிரினிட்டி காலேஜ் லண்டன் நேர்முகக் கிரேடு தேர்வின் மதிப்பெண்ணைப் பாருங்கள். மூன்று பாட்டுக்குத் தலா 22 வீதம் 66, டெக்னிக்கல் பகுதிக்கு 14, துணைத் தேர்வு இரண்டுக்கும் தலா 10. தேர்ச்சிக்கு 60. கனம் முழுக்கப் பாட்டில் இருப்பதால் பெற்றோரும் பிள்ளையும் பாட்டிலேயே நிற்கிறார்கள். அது தேர்வு நடத்துபவரின் தேவைக்கு அமைந்த கணக்கு. உங்கள் வகுப்பின் இலக்கு வேறாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

வாரம் ஒரு தடவை, இதுவரை பார்க்காத நான்கு பார். 4/4 (பாருக்கு நான்கு தட்டு), ஸி-யிலிருந்து ஜி வரை ஐந்து ஸ்வரம், ஒரு தட்டு நோட்டும் இரண்டு தட்டு நோட்டும் மட்டும். 30 விநாடி பார்க்கலாம், பிறகு மெட்ரோனோம் 60-ல் ஒரே தடவை வாசிக்க வேண்டும். 16 தட்டு, 16 விநாடி. இலக்கு ‘தப்பில்லாமல்’ என்று வைக்காதீர்கள், ‘நிற்காமல்’ என்று வையுங்கள். தப்பான கட்டையைத் தொட்ட பிள்ளை திரும்பிப் போய்த் திருத்தும் பழக்கத்தால்தான் தாளம் விழுகிறது. தொடர்ந்து மூன்று வாரம் நிற்காமல் வந்தபின் சரியான ஸ்வரத்தை எண்ணத் தொடங்கலாம்.

கட்டைமேல் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதுவும் ஒரு காரணம். பிள்ளை தாளைப் பார்க்காமல் ஸ்டிக்கரைப் படிக்கிறது. ஒரே நாளில் உரித்தால் அழும். முதல் வாரம் டி, ஏ, அடுத்த வாரம் இ, பி, அதற்கடுத்து ஜி, கடைசியாக ஸி, எஃப் என்று எடுங்கள். இரட்டைக் கறுப்புக் கட்டையின் இடப்பக்கம் ஸி, மூன்று கறுப்பின் இடப்பக்கம் எஃப். கண்ணை மூடிக்கொண்டு தடவி மூன்று விநாடிக்குள் ஸி-யைக் கண்டுபிடிப்பது ஏழு வயதுப் பிள்ளைக்கும் முடிகிற இலக்கு.

விரலையும் கவனியுங்கள். வலது கையில் ஸி மேஜர் ஏறும்போது 1-2-3 (கட்டைவிரல்தான் 1), பிறகு கட்டைவிரல் அடியில் நுழைந்து 1-2-3-4-5. கட்டைவிரலை உள்ளே விடாமல் கையையே தூக்கி வைப்பார்கள். மெதுவாக வாசிக்கும்போது காதுக்குத் தெரியாது, 80-ஐத் தாண்டினால் அந்த இடத்தில் ஓர் இடைவெளி கேட்கும். ஆட்டோ ரிதம் ஓடும்போது அந்த இடைவெளியும் மறைந்துபோகும். சோதிக்கும் நாளில் ரிதம் ஆஃப்.

என் மகனுக்கு 13 வயது. இரண்டு வருடமாக 5 கட்டையில் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தான். இப்போது குரல் உடைகிறது, மேலே போனால் கீச்சிடுகிறது. வகுப்பை நிறுத்திவிடலாமா?
— ஒரு தந்தை, தர்மபுரி

நிறுத்த வேண்டாம், இலக்கை மாற்றுங்கள். குரல் உடைகிற பருவத்தில் பழைய கட்டையைப் பிடித்துக்கொண்டு மேல் ஸ-வை எட்டச் சொல்வதுதான் கெடுதல்.

மாதம் ஒருமுறை கட்டையைப் புதிதாகக் கண்டுபிடியுங்கள். எந்தச் சுருதியில் கீழ் பஞ்சமம் (ப) இருமாமல், காற்று பிரியாமல் வருகிறதோ அதுவே அந்த மாதத்துக் கட்டை. 5-லிருந்து 4, 3 என்று இறங்கிப் போகும். பல ஆண் குரல்கள் 1, 1½ கட்டையை ஒட்டி வந்து நிற்கும். இறங்கும்வரை ஐந்து ஸ்வரத்துக்குள் பாடினால் போதும்.

அந்த மாதங்களில் குரலை வருத்தாத வேலைகளை முன்னே வையுங்கள். தாளச் சொற்கள்: தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு. இவற்றை ஒரே தட்டுக்குள் அடக்கிச் சொல்வது. ஆசிரியர் வாசிக்கும் நான்கு ஸ்வரத்தைக் கேட்டு எழுதுவது, முதல் மாதம் பத்தில் ஐந்து சரி, மூன்றாம் மாதம் பத்தில் எட்டு. பாட வந்த வரிசையை ஸ்வரத்தோடும் தாளக்குறியோடும் நோட்டில் எழுதுவது. குரல் நிலைத்த பிறகு இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட வேகமாக ஏறுவார்கள். வலி இருந்தாலோ வாரக்கணக்கில் குரல் கரகரத்தாலோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினைந்து பேருக்குப் பறை கற்றுக்கொடுக்கிறோம். எல்லாம் கேள்வி ஞானம், எழுத்து கிடையாது. உதவி செய்ய வந்தவர்கள் ‘கற்றல் இலக்குகளை எழுதிக் கொடுங்கள்’ என்கிறார்கள். அடியை எப்படி எழுதுவது?
— பறை பயிற்றுநர், பென்னாகரம்

அடியை எழுத வேண்டாம். அடி வந்துவிட்டது என்று நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? அதை எழுதுங்கள், அதுதான் அவர்கள் கேட்பது.

உங்கள் முறையிலேயே படி இருக்கிறது. முதலில் அடியின் சொல்லை (அதன் ஒலிக்குறிப்பை) வாயால் சொல்வது, பிறகு தொடையில் கையால் தட்டுவது, பிறகு அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடித்துப் பறையில், கடைசியாகக் கால் அடவோடு. ஒவ்வொரு படியும் ஓர் இலக்கு. ‘இந்த அடியின் சொல்லை எட்டு முறை, இடையில் மூச்சுக்காக நிறுத்தாமல் சொல்வான்’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். வாயில் வராத சொல் குச்சியில் வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் பிள்ளைகள் குச்சியைத் தூக்கத்தான் பறப்பார்கள்.

பறைக் குழுவில் எங்கும் வருகிற தொந்தரவு வேகம் ஓடுவது. அதை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு நிமிட அடியைப் போனில் பதிவு செய்யுங்கள். முதல் 15 விநாடியில் எத்தனை அடி, கடைசி 15 விநாடியில் எத்தனை? 25-ல் ஆரம்பித்து 30-ல் முடிந்திருந்தால், நிமிடத்துக்கு 100 ஆக இருந்தது 120 ஆகிவிட்டது. வித்தியாசம் இரண்டுக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்குக் காரணம், சத்தம் கூடும்போது கையும் சேர்ந்து முடுக்கிக்கொள்வது. சத்தத்தையும் வேகத்தையும் தனித்தனியாகப் பிரிப்பதையே ஒரு மாத இலக்காக வைக்கலாம்: எட்டுச் சுற்று முழு அடி, எட்டுச் சுற்று அரை அடி, வேகம் மாறக் கூடாது. ஒருவன் ஜாலராவோடு நடுவில் நின்று வேகத்தைப் பிடிக்கட்டும், அந்த இடம் வாரம் ஒருவருக்கு மாறட்டும்.

சைகை பார்த்து எல்லாரும் ஒரே அடியில் நிறுத்துவது இன்னொன்று. ஆரம்பிப்பதைவிட நிறுத்துவதில்தான் பழக்கம் தெரியும்.

தோல் காய்ச்சுவதையும் பாடமாக எழுதுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள். ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து ஒலி மொத்தையாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி நேரம் இதற்கே போகும். சுடரில் படாமல், சூட்டில் மட்டும் திருப்பித் திருப்பிக் காட்டி, இடையிடையே தட்டிக் கேட்டு, ‘போதும்’ என்று பிள்ளையே சொல்ல வேண்டும். அதிகம் காய்ந்தால் தோல் வெடிக்கும். நெருப்புப் பக்கம் பெரியவர் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

கலைத் திருவிழாவுக்குக் குழுப்பாட்டு பழக்குகிறேன். மேல் ஸ்தாயியில் பிள்ளைகள் கத்துகிறார்கள். மூன்று வாரம்தான் இருக்கிறது.
— ஓர் ஆசிரியர், அரூர்

நீங்கள் ஆண் குரலில், 1 கட்டையை ஒட்டிப் பாடிக் காட்டுகிறீர்கள் என்று நினைக்கிறோம். பிள்ளைகள் அதை ஒரு ஸ்தாயி (ஸ முதல் மேல் ஸ வரையுள்ள தூரம்) மேலே எடுத்துக்கொள்வார்கள். அப்போது அவர்கள் தொட வேண்டிய மேல் ஸ சுமார் 523 ஹெர்ட்ஸில் இருக்கும். பாட்டு அதற்கும் மேலே க, ம வரை போனால் கத்தத்தான் செய்வார்கள். 5 கட்டையில் அதே மேல் ஸ 392-க்கு இறங்கிவிடும். 5 முதல் 6 கட்டைக்குள் வையுங்கள். உங்களுக்கு அந்தக் கட்டையில் பாடிக் காட்ட வராவிட்டால் கீபோர்டில் வாசித்துக் காட்டுங்கள், அல்லது நல்ல காது உள்ள மாணவி ஒருத்தியை முன்னடி பாட விடுங்கள்.

முதல் வாரம் சொல்லும் தாளமும், மெட்டு கிடையாது. இரண்டாம் வாரம் மெட்டு, எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு எடுப்பது, அந்த இடங்களைத் தாளில் கோடு போட்டுக் குறித்துவிடுங்கள். மூன்றாம் வாரம் நின்று பாடுவது, மைக் இல்லாமல். புது நெளிவு, புது சங்கதி எதுவும் கடைசி வாரத்தில் சேர்க்காதீர்கள்.

என் வகுப்பில் தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள் பாதிக்குப் பாதி. தமிழ்ப் பாட்டில் உச்சரிப்பும் ராகமும் ஒருசேரத் தடுமாறுகின்றன. எதை முதலில் திருத்துவது?
— ஓர் ஆசிரியை, தேன்கனிக்கோட்டை

உச்சரிப்பை. மெட்டே இல்லாமல், தாளத்தில் சொல்லாகச் சொல்ல வையுங்கள். நான்கு வரிக்கு ஒரு வகுப்பு. ழ, ற வருகிற சொற்களை மட்டும் தனியே எழுதி, அன்றைக்கு ஐந்து சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீட்டிப் பாடுகிற இடத்தில்தான் ழ, ள-வாகக் கரையும். அங்கே மட்டும் நிறுத்திக் கேளுங்கள், மற்ற இடங்களை விடுங்கள்.

கீதம் வரும்போது உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் லாபம். ஏரித் தண்ணீரை ஏரிக்கே வார்ப்பதைச் சொல்லும் புரந்தரதாசரின் மலஹரி ராக கீதம் கன்னடம். மற்ற ஊர்களில் பொருள் தெரியாமல் உருப்போடும் வரிகளை உங்கள் வகுப்பில் பிள்ளைகளே விளக்குவார்கள். அந்த வாரத்து இலக்காக, ‘கன்னடம் தெரிந்தவர் தெரியாதவருக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்வார்’ என்று எழுதிவிடுங்கள்.

இசைக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? ‘நன்று’, ‘மிக நன்று’ என்று எழுதினால் பெற்றோர் என்ன வித்தியாசம் என்கிறார்கள். வேகமாகக் கற்கும் பிள்ளைக்கு என்ன செய்வது?
— ஓர் ஆசிரியை, ஊத்தங்கரை

‘நன்று’ என்பது பாராட்டு, அளவு இல்லை. நான்கு படி போதும். ஆசிரியரோடு சேர்ந்தால் வருகிறது, 1. பக்கத்துப் பிள்ளையோடு வருகிறது, 2. தனியாக, ஓரிடத்தில் நின்று வருகிறது, 3. தனியாக, சொன்ன வேகத்தில், நிற்காமல் வருகிறது, 4. ஒரே தாளில் இடப்பக்கம் பெயர்கள், மேலே இலக்குகள், கட்டத்தில் எண்ணும் தேதியும். 2-ல் இருந்த பிள்ளை மூன்று வாரத்தில் 4-க்கு வந்தது பெற்றோருக்குத் தாளிலேயே தெரியும். எல்லாரும் 4-ல் இருந்தால் இலக்கு எளிது. பாதிப் பேர் 1-லேயே மூன்று வாரம் நின்றால் இலக்கை இரண்டாக வெட்டுங்கள், பிள்ளைகளைத் திட்டாதீர்கள்.

வேகமான பிள்ளையை அடுத்த பாடத்துக்குத் தள்ள அவசரம் வேண்டாம். அதே பாடத்தில் ஆழம் கூட்டலாம்: அதே வரிசையை 40 வேகத்தில் பாடச் சொல்லுங்கள். மெதுவாகப் பாடுவதுதான் கடினம் என்று அப்போது தெரியும். அல்லது ஸ்வரப் பெயரை விட்டு அகாரத்தில் (‘ஆ’ என்று மட்டும்) பாடட்டும். பிறகு 2-ல் இருக்கும் இருவருக்கு அவனே சொல்லிக்கொடுக்கட்டும்.

பள்ளிக்குப் பிறகும் தொடர ஆசைப்படும் பிள்ளைகளுக்குக் கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றில் மூன்றாண்டுப் படிப்பு. சேரப் போகும்போது உங்கள் மதிப்பெண் தாளின் நகல் ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். எது வரும், எது இன்னும் வரவில்லை என்று அங்கிருக்கும் ஆசிரியர் முதல் நாளே பார்த்துக்கொள்வார்.